ஒட்டுப் போட்ட எட்டு

அத்தியாயம் ஆறு

கோல சிலாங்கூர் போலீஸ் நிலையத்தின் பின்முற்றத்தில் கால் வைத்ததுமே உமாபதிக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. பறிமுதல் செய்த லோரி ஒன்றில் கருவாட்டு மூட்டைகளை அப்படியே விட்டிருந்தார்கள். சனிக்கிழமை காலை மணி ஒன்பதுகூட ஆகவில்லை, அதற்குள் வெயில் ஏறி முற்றமே நாறியது. இருபத்திரண்டு வருஷம் போலீசில் இருந்துவிட்டு, ரவாங்கில் ஒரு மளிகைக் கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தவர் அவர். நாற்றத்துக்கு இதற்குள் பழகியிருக்க வேண்டும். மனிதர்கள் செய்கிற காரியங்களின் நாற்றத்துக்கே இன்னும் பழகவில்லை, கருவாடு எந்த மூலைக்கு.

"மூக்கைப் பிடிச்சுக்கிட்டே துப்பறியலாமா சார், இல்ல ரெண்டு கையும் வேணுமா?" என்றாள் மவுரீன்.

மவுரீன் அவருடைய உதவியாளர். முப்பத்தைந்து வயது. முன்பு ஒரு கார் இன்சூரன்ஸ் கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தாள். ஜனங்கள் எழுதிக் கொடுக்கும் பொய்களையெல்லாம் பிழையில்லாமல் டைப் அடித்து அடித்து அலுத்துப்போய் இவரிடம் வந்து சேர்ந்தவள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மட்டும் வாயை அடக்கிக்கொள்வாள் என்று கேள்வி. உமாபதி நேரில் பார்த்ததில்லை.

சுவரோரம் வெளிர்மஞ்சள் டட்சன் ஒன்று நின்றது. அதுதான் செல்லனின் கார். வாங்கி ஐந்து மாதம்தான் ஆகிறது. பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப் போகலாம் என்று லைசென்சுக்கு மனுப் போட்டிருக்கிறான். காரைச் சோதித்த ஜேபிஜே போக்குவரத்து இலாகா அதிகாரி பானெட்டைத் தூக்கினார், சேசிஸ் நம்பரைப் பார்த்தார், உடனே போலீசுக்குப் போன் போட்டார். நம்பர் பொய். அசல் நம்பரை அரம் போட்டு ராவிவிட்டு அதே இடத்தில் வேறு நம்பரை யாரோ கையால் அடித்திருந்தார்கள். கார் கிள்ளானில் காணாமல் போன கார். அன்றைக்கு லாக்கப்புக்குள் போன செல்லன் பத்து நாளாக வெளியே வரவில்லை. திங்கட்கிழமை காலை அவனைக் கார் திருடன் என்று கோர்ட்டில் நிறுத்தப் போகிறார்கள்.

இதில் உமாபதிக்குப் புரியாத விஷயம் ஒன்றுதான். காரை யாரிடம் வாங்கினாய் என்று கேட்டால் செல்லன் தரையைப் பார்த்தான். இன்ஸ்பெக்டர் கேட்டார், தரையைப் பார்த்தான். இன்று காலை கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று உமாபதி கேட்டார். அப்போதும் தரைதான். யாரிடமும் வாங்கவில்லை என்றும் சொல்லவில்லை, நான்தான் எடுத்தேன் என்றும் சொல்லவில்லை. இப்படி ஒருவன் உட்கார்ந்திருந்தால் போலீஸ் வேறு என்னதான் நினைக்கும்?

வாசலில் செல்லனின் மனைவி இராஜம்மா நின்றுகொண்டிருந்தாள். அவள்தான் உமாபதியைத் தேடி ரவாங்கிற்கு வந்தவள். ஒரு கோழி தானாக வீட்டுக்குள் வந்தால்கூட யாருடையது என்று லயத்தில் வீடு வீடாகக் கேட்டுவிட்டு வருகிற மனுஷன், அவர் காரைத் திருடுவாரா என்று அழுதாள். பக்கத்தில் அவள் தம்பி சேது. லோரி ஓட்டுகிறவன், இருபத்தெட்டு வயது. தாய் செத்தபோது அவனுக்கு நாலு வயதாம், அக்காதான் இடுப்பில் தூக்கி வளர்த்தாளாம். பத்து நாளாக லோரியை விட்டுவிட்டு அக்காவோடேயே அலைகிறான். லாக்கப்புக்குள் பொம்பளைகள் வரவேண்டாம் என்று தினமும் சோற்றுத் தூக்கை அவனே மாமாவிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறான். உமாபதிக்கும் மவுரீனுக்கும் ஓடிப்போய்க் கோப்பி வாங்கி வந்தான். இந்தக் காலத்தில் இப்படி ஒரு தம்பியா என்று உமாபதி நினைத்துக்கொண்டார். அவர் மனசில் யாரைப் பற்றியும் நல்லதாக ஒரு வார்த்தை தோன்றுவது அபூர்வம்.

பானெட்டைத் தூக்கினார்கள். எஞ்சினுக்குப் பின்னால் நிற்கும் தகட்டில் அந்த நம்பர் இருந்தது. VB210, பிறகு ஒரு கோடு, பிறகு 408183. மவுரீன் மெல்லிய தாளை அதன்மேல் வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தாள். நம்பர் தாளில் ஏறிவிட்டது.

"இதுக்கு ஏன் சார் இவ்வளவு மரியாதை? வெளியில பளிச்சுன்னு பிளேட் நம்பர் இருக்கே."

"பிளேட் நம்பர் கார் போட்டிருக்கிற சட்டை. ஒரு ஸ்குரூ டிரைவர் இருந்தா கழட்டி மாட்டிடலாம். இது பொறந்தப்பவே உள்ள மச்சம்" என்றார் உமாபதி.

அப்புறம் அவருக்கு வந்தது கோபம். இந்த ஊரில் பழைய கார் வாங்குகிற லட்சணத்தை அவர் பார்த்திருக்கிறார். டயரை உதைப்பார்கள், ஹாரனை அமுக்குவார்கள், சீட்டில் உட்கார்ந்து குதிப்பார்கள். நல்ல நாள் பார்த்து நாலு எலுமிச்சம்பழத்தை நசுக்குவார்கள். கெராண் என்று சொல்லும் அந்தப் பதிவு அட்டையைச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைப்பார்கள். அதில் எழுதியிருக்கும் நம்பர்தான் பானெட்டுக்கு அடியிலும் இருக்கிறதா, அடித்த இடம் வழவழவென்று இருக்கிறதா, ராவின தடம் தெரிகிறதா என்று ஒருத்தனாவது குனிந்து பார்ப்பானா? அரை நிமிஷ வேலை. அதைச் செய்யாமல் பிறகு லாக்கப்பில் கொசுக்கடி பட்டுக்கொண்டு கிடப்பார்கள்.

செல்லன் குனிந்தே பார்த்திருந்தாலும் அட்டையும் தகடும் ஒத்துப் போயிருக்கும் என்பது வேறு விஷயம். அந்த அட்டை அசல் அட்டை. போன வருஷம் அம்பாங் பெச்சா வளைவில் லோரியில் மோதி நசுங்கிப்போன ஒரு வண்டியினுடையது. ஓட்டி வந்த வாத்தியார் அந்த இடத்திலேயே செத்துப்போனார். வண்டி பழைய இரும்புக்குப் போயிற்று. அட்டை மட்டும் ஜேபிஜேவுக்குத் திரும்பி வரவில்லை என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். செத்தவன் காரின் பெயரைத் திருடின காருக்கு வைத்திருக்கிறார்கள். உமாபதிக்குக் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. போலீஸ் நிலையம் என்பதால் விழுங்கிக்கொண்டார்.

"முதல் எழுத்தைப் பாரு. V. இந்த மாடல்ல V-ன்னு ஆரம்பிச்சா பின்பக்கம் வேன் மாதிரி நீண்ட வண்டி. வாத்தியாரோடது அதுதான். இது என்ன?"

மவுரீன் காரைச் சுற்றிவந்தாள். நாலு கதவு, பின்னால் சாமான் வைக்கும் சாதாரண பூட். "இது தன்னை வேன்னு நினைச்சுக்கிட்டு இருக்கிற கார் சார். பாவம், இதுவரைக்கும் கண்ணாடியே பார்த்திருக்காது."

உமாபதி சிரிக்கவில்லை. அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். கார் தொழிலில் இருக்கிறவன் எவனும் இப்படி அசட்டுத்தனம் பண்ண மாட்டான். அந்த எழுத்துகளுக்கு அர்த்தம் உண்டு என்பதே தெரியாத ஒருத்தன் இதை அடித்திருக்கிறான். ஆனால் அடித்த கை பழகின கை. பதினோரு எழுத்தும் ஒரே கோட்டில், ஒரே ஆழத்தில் உட்கார்ந்திருந்தன. காரைப் பற்றி ஒன்றும் தெரியாது, இரும்பில் நம்பர் அடிப்பது மட்டும் தண்ணீர் பட்ட பாடு. அப்படிப்பட்டவன் யார்?

மவுரீன் தாளை வெயிலில் பிடித்தாள். அவள்தான் அதைக் கண்டாள். இரண்டு எட்டுகளுமே ஒரு மாதிரியாக இருந்தன. இடுப்பில் தடித்த முடிச்சு, தலையில் இரட்டைக் கோடு.

"இது எட்டே இல்ல சார். ஒரு மூணை நேரா அடிச்சு, அதே மூணைத் தலைகீழாத் திருப்பி அதுமேலயே அடிச்சிருக்கான். ஒட்டுப் போட்ட எட்டு."

அவளுடைய சம்பளத்தை உயர்த்தலாமா என்று உமாபதி ஒரு கணம் யோசித்து, அந்த எண்ணத்தை உடனே அடக்கிக்கொண்டார். அடித்தவனிடம் எட்டு அச்சு இல்லை. வெளியே கடனாகவும் வாங்கவில்லை. இல்லாமலே பல வருஷம் சமாளித்துப் பழகியிருக்கிறான். தினமும் நம்பர் அடிக்கிற இடம் எது? ரப்பர்த் தோட்டத்துப் பட்டறை. பால் எடுக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு வாளி, வாளிக்கு ஒரு நம்பர்.

இந்தப் பக்கத்தில் இருபது தோட்டம் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் போய் வாளியைக் காட்டு என்று கேட்டால் அடித்துத் துரத்துவார்கள் என்றார் உமாபதி. மவுரீன் அதற்கும் வழி வைத்திருந்தாள். பாதித் தோட்டங்களில் ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டாகிவிட்டது. வேண்டாத பால் வாளிகள் எல்லாம் எங்கே போயின? சாலையோரத் தேத்தண்ணிக் கடைகளில் தண்ணீர் பிடிக்கிற வாளியாகப் போயின.

ஆக, அன்று காலை உமாபதியின் பழைய மோரிஸ் மைனர் கடை கடையாக நின்றது. ஒவ்வொரு கடையிலும் தேத்தண்ணி சொல்லிவிட்டு, மவுரீன் கை கழுவப் போகிற சாக்கில் வாளியைப் பார்த்துவிட்டு வருவாள். முதல் கடைத் தேத்தண்ணியில் ஈ கிடந்தது. இரண்டாவதில் மண்ணெண்ணெய் வாடை. மூன்றாவதில் கடைக்காரனின் கட்டைவிரல் குவளைக்குள்ளேயே இருந்தது. உமாபதி எல்லாவற்றையும் குடித்தார். தொழில் என்றால் சும்மாவா. நாலாவது கடையில் வாளியில் 18 என்று இருந்தது, ஆனால் அது பிறவி எட்டு.

"அஞ்சு தேத்தண்ணி சார்" என்றபடி மவுரீன் பத்தாங் பெர்ஜுந்தை கடைவீதிக் கடையில் உட்கார்ந்தாள். "இன்னும் ஒண்ணு குடிச்சா என்னை வச்சே ஒரு தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சலாம் லா." சொல்லிவிட்டுக் கை கழுவப் போனவள் திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தால், ஒரு தகர வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன் பக்கத்தில் குத்தவைத்திருந்தாள். வாளியில் 28 என்று இருந்தது. எட்டின் இடுப்பில் முடிச்சு, தலையில் இரட்டைக் கோடு. தாளைப் பக்கத்தில் வைத்தார்கள். அச்சு அசல்.

வாளி எங்கே வாங்கியது என்று கேட்டதற்குக் கடைக்காரர் யோசிக்காமலே பதில் சொன்னார். ஆறாங்கட்டைத் தோட்டம். அந்தத் தோட்டத்துக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் ஒன்று உண்டு, அது ஆபீஸ் பலகைக்கு மட்டும்தான் தெரியும்.

ஆறாவது மைலில் திரும்பி, செம்மண் பாதையில் இடுப்பு ஒடிய உள்ளே போனார்கள். பட்டறையில் அர்ஜுனன் இருந்தார். அறுபதை நெருங்கும் ஆள். முப்பது வருஷமாகத் தோட்டத்துக் கருமார் வேலை. உமாபதி பென்சில் தாளைக் காட்டியதும் அந்த முகத்தில் பயம் வரும் என்று எதிர்பார்த்தார். பயம் வரவில்லை, பெருமைதான் வந்தது.

"நம்ம எட்டு" என்றார் அர்ஜுனன்.

அதற்கு ஒரு கதையே இருந்தது. எட்டாம் நம்பர் வாளி எடுத்த முதல் ஆளைப் பாம்பு கடித்தது. அடுத்தவன் மரத்திலிருந்து விழுந்தான். மூன்றாவது ஆள், ஆட்களை மேய்க்கிற மண்டோரின் பெண்சாதியோடு ஓடிப்போனான். சனியனுக்கு உள்ள நம்பர், இது தோட்டத்திலேயே இருக்கக்கூடாது என்று மண்டோர் எட்டு அச்சைப் பிடுங்கி ஆற்றில் வீசிவிட்டார். வாளி நம்பர் ஏழு முடிந்து ஒன்பதுக்குத் தாவியது. வருஷக்கணக்கில் அப்படியே ஓடியது. பிறகு ஆபீஸ் கணக்குக்குப் புதிதாக வந்த கிராணி, எட்டு, பதினெட்டு, இருபத்தெட்டு எல்லாம் எங்கே என்று குதித்தார். ஆற்றில் இருக்கிறது என்று சொல்ல முடியுமா? அர்ஜுனன் மூன்றை வைத்துச் சமாளித்தார். மூன்றும் மூன்றும்தான், எட்டு இல்லை என்று வாளி எடுத்தவர்களுக்கும் மனசு ஆறிப்போயிற்று.

மவுரீன் இதை வாய் பிளந்து கேட்டாள். அந்த மூன்றாவது ஆளின் விஷயம் சனியனால் வந்ததாக அவளுக்குத் தோன்றவில்லை என்றாள்.

டட்சனில் நம்பர் அடித்ததை அர்ஜுனன் மறைக்கவே இல்லை. தகடு துருப்பிடித்துவிட்டது, அதே நம்பரைத் திருப்பி அடித்துக் கொடுங்கள் என்று கேட்டார்கள், கொடுத்தார். அதில் தப்பு என்ன என்று அவருக்கு இப்போதும் தெரியவில்லை. நம்பர் எழுதிக் கொடுத்த சீட்டு சுவர் ஆணியில் குத்திக் கிடந்தது. அதை எடுத்து உமாபதியிடம் நீட்டினார்.

ஒரு லோரியின் சரக்குச் சீட்டு. பழைய இரும்பு ஏற்றிய சீட்டு. முன்பக்கம் ஏற்றிய இடம் அம்பாங் பெச்சா என்று இருந்தது. பின்பக்கம் அந்தப் பதினோரு எழுத்து. இரண்டு பக்கமும் ஒரே கையெழுத்து. கீழே டிரைவரின் பெயர்.

உமாபதி அதைப் படித்தார். சீட்டைத் திருப்பி, மறுபடியும் படித்தார்.

"நல்ல பையன்ங்க" என்றார் அர்ஜுனன். "அக்கா வீட்டுக்காரருக்குத் தரப்போறேன், சீக்கிரம் முடிச்சுக் கொடுங்கன்னு கேட்டுச்சு. பேரு சேது."

திரும்பும் வழியில் உமாபதிக்கு எல்லாம் வரிசையாக விளங்கியது. நசுங்கிய வண்டியை அள்ள லோரியோடு போனவன், அட்டையும் இரும்போடு வரவேண்டும் என்று வாத்தியாரின் விதவையிடம் கேட்டு வாங்கியிருப்பான். அழுதுகொண்டிருந்த பெண் கொடுத்திருப்பாள். அதே மாடல் என்று எவனோ திருடித் தந்த காருக்கு அந்த நம்பரை அடித்து, வெளி ஆள் வாங்கினால் கேள்வி கேட்பான் என்று சொந்த மாமன் தலையில் கட்டியிருக்கிறான். மாமன் பிடிபட்டதும் ஓடவில்லை. தினமும் சோற்றைத் தூக்கிக்கொண்டு போய் கம்பிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறான். அக்காவை ஒரு நாள்கூட உள்ளே விடவில்லை. இவனையா நல்ல தம்பி என்று நினைத்தோம் என்று உமாபதிக்குத் தன்மீதே வெறுப்பாய் வந்தது. அவன் வாங்கித் தந்த கோப்பியை வேறு குடித்துத் தொலைத்திருந்தார்.

இராஜம்மாவின் வீட்டுக்குப் போனபோது மணி இரண்டரை. சேது தரையில் சப்பணமிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இராஜம்மா பக்கத்தில் உட்கார்ந்து மீன் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். உமாபதியைப் பார்த்ததும் அவன் இடது கையால் நாற்காலியை இழுத்துப் போட்டான். அவர் உட்காரவில்லை. சீட்டை இராஜம்மாவிடம் கொடுத்தார். தம்பியின் கையெழுத்து அவளுக்குத் தெரியும், அவள்தான் அவனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினவள். உமாபதி நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தினால் கெட்ட வார்த்தை வந்துவிடும் என்று பயந்தார்.

சேது முதலில் இல்லை என்றான். பிறகு யாரோ சொல்லிச் செய்தேன் என்றான். பிறகு அவனுக்கே தன் பேச்சு அலுத்துவிட்டது போலும்.

"என் பேரைச் சொல்ல மாட்டேன்னு மாமா அவராத்தான்க்கா சொன்னாரு" என்றான்.

"அவராவா?" என்றார் உமாபதி.

சேது சோற்றைப் பிசைந்தான். "நான்தான்னு தெரிஞ்சா அக்கா உசுரோட இருக்காதுன்னு மாமாகிட்ட சொன்னேன். அவ்வளவுதான். மாமாவுக்கு இப்ப உள்ள பழகிடுச்சுக்கா. முதல் கேசுதானே, கொஞ்ச நாள்ல விட்டுருவாங்க. எனக்குன்னா வயசு இருக்கு, நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு ஆகணும்ல."

சொல்லிவிட்டு ஒரு கவளத்தை உருட்டினான்.

உமாபதி எத்தனையோ அயோக்கியர்களைப் பார்த்திருக்கிறார். பிடிபட்டால் அழுவார்கள், காலில் விழுவார்கள், கத்தியை எடுப்பார்கள். ஒருத்தன் இப்படிச் சோறு உருட்டிப் பார்த்ததில்லை. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மவுரீன் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இராஜம்மா அழவில்லை. சீட்டை நாலாக மடித்து இடுப்பில் செருகினாள். குனிந்து, தம்பிக்கு முன்னால் இருந்த தட்டை எடுத்தாள். பாதிச் சோறு அப்படியே இருந்தது. கவளம் பிடித்த கை அந்தரத்தில் நின்றது. நாலு வயதிலிருந்து அவனுக்குச் சோறு போட்ட கை, அந்தத் தட்டைப் பின்கதவு வழியாக வெளியே கொண்டுபோய்ச் சோற்றை மண்ணில் கொட்டிவிட்டு வந்தது. சேது அக்கா, அக்கா என்று கூப்பிட்டான். அவள் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

முகம் கழுவினாள். சேலையை உதறி நேராக்கிக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

"என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கிட்டுப் போங்கண்ணே" என்றாள் உமாபதியிடம். "அவரு வாயால என் தம்பி பேரைச் சொல்ல மாட்டாரு. சொல்லவும் வேணாம். நான் சொல்றேன்."